பொதுவான பொருத்தியும் பொதுவாகாத எண்ணெயும்

மன்னர்களின் வெற்றி தோல்விகளே சரித்திரம் என்று கற்பித்த காலம் கழிந்துவிட்டது. மனிதன் எதைக் கொண்டு உழுதான், எதைக் கொண்டு நெய்தான், அந்தக் கருவிகள் யாருடைய கையில் இருந்தன என்பனவே சமுதாய வரலாற்றின் அடிப்படை வினாக்கள் என்பதை இன்று பலரும் ஏற்றுக்கொள்வர். எனினும் கருவிகளின் வரலாற்றை எழுதுவோரும் பெரும்பாலும் நீராவி இயந்திரம், மின்சாரம், அணுசக்தி ஆகிய பெரும் பொருள்களோடு நின்றுவிடுகின்றனர். ஒரு கலப்பையை உழவு இயந்திரத்தோடு பூட்டும் ஆணியும், இரண்டு குழாய்களை இணைக்கும் பொருத்தியும், அக்குழாய்களுக்குள் ஓடும் எண்ணெயும் அவர்கள் கண்ணிற் படுவதில்லை. ஆயினும் விவசாயியின் அன்றாட வாழ்வைத் தீர்மானிப்பவை பல வேளைகளில் இத்தகைய சிறிய பொருள்களே.

ஒரு கிராமத்தில் இரண்டு விவசாயிகள் இருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவரிடம் ஒரு நிறுவனம் செய்த உழவு இயந்திரமும் மற்றவரிடம் வேறொரு நிறுவனத்தின் இயந்திரமும் உள்ளன. ஹைட்ரோலிக் அழுத்தத்தால் இயங்கும் பெரிய கலப்பை ஒன்றை வாங்கும் வசதி தனித்தனியே இருவருக்கும் இல்லை. ஆகவே இருவரும் கூட்டாக ஒன்றை வாங்குகிறார்கள். திங்கட்கிழமை ஒருவர் உழுகிறார். செவ்வாய்க்கிழமை மற்றவர் உழுகிறார். பொருத்தி இரண்டு இயந்திரங்களுக்கும் பொருந்துகிறது. ஆனால் கலப்பையின் உருளைகளுக்குள் தங்கியிருக்கும் முதல் இயந்திரத்தின் எண்ணெய், மறுநாள் இரண்டாவது இயந்திரத்தின் கியர்ப்பெட்டிக்குள் போய்ச் சேருகிறது. இரண்டு நிறுவனங்களும் தத்தம் இயந்திரத்துக்குத் தத்தம் எண்ணெயையே ஊற்ற வேண்டும் என்று கையேட்டில் அச்சிட்டிருக்கின்றன. இப்பொழுது இந்த இரு நண்பர்களும் என்ன செய்வது? இந்த எளிய வினாவுக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு ஒன்று இருக்கிறது.

பேர்குசனின் கண்டுபிடிப்பு

அமெரிக்காவில் ஹென்றி போர்ட் 1917ஆம் ஆண்டு ஒக்டோபரில் போர்ட்சன் என்னும் உழவு இயந்திரத்தைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கினார். விலை குறைந்த அவ்வியந்திரம் ஆயிரக்கணக்கான வயல்களை அடைந்தது. ஆனால் அதன் பின்னால் கலப்பை சங்கிலியாலோ கொக்கியாலோ வெறுமனே இழுக்கப்பட்டது. குதிரை இழுத்த இடத்தில் இயந்திரம் இழுத்தது, அவ்வளவே மாற்றம். மண்ணுள் மறைந்திருந்த பாறையிலோ வேரிலோ கலப்பை சிக்கிக்கொண்டால், இயந்திரத்தின் முன்பக்கம் மேலெழுந்து பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கிற்று. இவ்வாறு உயிரிழந்தோர் பலர்.

இந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டவர் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1884ஆம் ஆண்டு ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்த ஹரி பேர்குசன். தாமே கட்டிய விமானத்தை 1909ஆம் ஆண்டின் இறுதி நாளன்று அயர்லாந்தில் முதன்முதலாகப் பறக்கவிட்டவரும் அவரே. முதலாம் உலகப் போரின் உணவுத் தட்டுப்பாட்டின்போது, உழவு இயந்திரங்களின் பயன்பாட்டைச் சீர்செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பணியே அவரைக் கலப்பைக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான உறவைப் பற்றிச் சிந்திக்கத் தூண்டிற்று. கலப்பையை இழுத்துச் செல்லும் சுமையாகக் கருதாமல் இயந்திரத்தின் உறுப்பாகவே அவர் கருதினார். கீழே இரண்டு தண்டுகள், மேலே ஒரு தண்டு ஆக மூன்று புள்ளிகளில் கலப்பை பூட்டப்பட்டது. மண்ணின் எதிர்ப்பு மிகும்பொழுது மேல்தண்டு அழுத்தப்பட்டு ஒரு வில்லைத் தள்ளும். வில் ஒரு வால்வை அசைக்கும். எண்ணெயின் அழுத்தம் கலப்பையைச் சற்று உயர்த்தும். உழவின் சுமை இயந்திரத்தின் பின்சக்கரங்களை நிலத்தோடு அழுத்துவதால் பாரமற்ற சிறிய இயந்திரமும் பெரிய வேலையைச் செய்யக்கூடியதாயிற்று. இதற்கான காப்புரிமையை அவர் 1925ஆம் ஆண்டு கோரினார்.

இங்கேதான் எண்ணெய் வயலுக்குள் நுழைகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எங்கும் பரவும் என்னும் பாஸ்கலின் விதியைப் பயன்படுத்தி, ஜோசப் பிராமா 1795ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நீரழுத்தப் பொறியைக் காப்புரிமை செய்திருந்தார். தொழிற்சாலையில் நூறாண்டுக்கு மேலாக இருந்த அத்தத்துவம் பேர்குசனின் கையில் உழவனின் தோழனாயிற்று.

கைகுலுக்கலும் நீதிமன்றமும்

பேர்குசனிடம் தொழிற்சாலை இருக்கவில்லை. முதலில் இங்கிலாந்தின் டேவிட் பிறவுண் நிறுவனம் 1936ஆம் ஆண்டு முதல் அவருடைய இயந்திரத்தைச் செய்தது. பின்னர் 1938ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் அமெரிக்கா சென்று ஹென்றி போர்ட்டின் முன்னால் தமது இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவுமின்றி, இருவரும் கைகுலுக்கிக் கொண்டதோடு உடன்பாடு முடிந்தது. போர்ட்டின் 9என் இயந்திரம் 1939ஆம் ஆண்டு ஜூன் மாதம் பேர்குசன் முறையுடன் வெளிவந்தது. அடுத்த எட்டாண்டுகளில் அவ்வகை இயந்திரங்கள் மூன்று இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயின.

முதியவர் போர்ட் மறைந்த 1947ஆம் ஆண்டிலேயே கைகுலுக்கலின் ஆயுளும் முடிந்தது. அவருடைய பேரனின் நிர்வாகம் பேர்குசனின் விற்பனை அமைப்பை விலக்கிவிட்டு, பேர்குசன் முறையைக் கொண்ட 8என் இயந்திரத்தைத் தாமே விற்கத் தொடங்கிற்று. பேர்குசன் 1948ஆம் ஆண்டு ஜனவரியில் வழக்குத் தொடுத்தார். நான்கு ஆண்டுகள் நடந்த அவ்வழக்கு 1952ஆம் ஆண்டு ஏப்ரலில் சமரசத்தில் முடிந்தது. போர்ட் நிறுவனம் 92 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் செலுத்தவும், எண்ணெய்ப் பம்பியின் கட்டுப்பாட்டு வால்வு அமைப்பை மாற்றிக்கொள்ளவும் இணங்கிற்று.

இந்த வழக்கை இரு பெருந்தனவந்தரின் சண்டை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதனுள் ஒரு முக்கியமான வினா அடங்கியிருந்தது. கலப்பையும் இயந்திரமும் சேரும் இடம் யாருடைய சொத்து? அந்த இடத்தை உடைமையாக வைத்திருப்பவர், இயந்திரத்தோடு கலப்பையையும் தம்மிடமே வாங்கச் செய்யலாம். பேர்குசன் தாமும் இதை நன்கு அறிந்திருந்தார். அவருடைய வருமானத்திற் பெரும்பங்கை இயந்திரத்தோடு பொருந்தும் கருவிகளே ஈட்டித்தரும் என்பது அவர் திட்டம். ஆகவே அவரை ஏழை விவசாயியின் இரட்சகர் என்றும், போர்ட்டைக் கொள்ளைக்காரர் என்றும் சித்திரிப்பது வரலாற்றுக்கு நியாயமாகாது. கண்டுபிடிப்பு உயர்ந்தது, அதைச் சூழ்ந்த உடைமை உறவு அக்காலத்து முதலாளித்துவத்தின் உடைமை உறவே.

அக்காலத்தை அண்டி மற்ற நிறுவனங்கள் வாளாவிருக்கவில்லை. பேர்குசனின் காப்புரிமையைத் தவிர்க்கும் பொருட்டுக் கேஸ் நிறுவனம் கழுகு இணைப்பு என்றும், இன்டர்நாஷனல் ஹார்வெஸ்டர் விரைவு இணைப்பு என்றும், அலிஸ் சால்மர்ஸ் வேறொரு பெயரிலும் தத்தமக்கென்று இணைப்புகளை உண்டாக்கின. ஒன்றுக்கு வாங்கிய கலப்பை மற்றொன்றுக்குப் பொருந்தாது. அயலவனின் கருவியை இரவல் வாங்குவது, தொன்றுதொட்டு உழவர் சமுதாயத்தில் நிலவிய வழக்கம். அவ்வழக்கத்தை ஒரு ஆணியின் பருமன் தடுத்துவிட்டது.

நியமங்களின் வெற்றி

இந்தக் குழப்பம் விற்பனையாளருக்கும் தொல்லையாகவே முடிந்தது. காப்புரிமைகள் காலாவதியாக, மூன்று புள்ளி இணைப்பே சிறந்தது என்பதை யாவரும் ஒப்புக்கொண்டனர். அமெரிக்க விவசாயப் பொறியியலாளர் சங்கம் 1959ஆம் ஆண்டில் அதற்கொரு நியமத்தை ஏற்படுத்திற்று. முதலாம் வகை இணைப்பின் மேல் ஆணி 19 மில்லிமீற்றர், கீழ் ஆணிகள் 22 மில்லிமீற்றர். இரண்டாம் வகையில் மேல் ஆணி 25 மில்லிமீற்றர், கீழ் ஆணிகள் 28 மில்லிமீற்றர் என்றவாறு அளவுகள் வரையறுக்கப்பட்டன. பின்னர் சர்வதேச நியம ஸ்தாபனமும் இதனை ஏற்றது. இதற்கு முன்னரே, 1925ஆம் ஆண்டில், இயந்திரத்தின் வலுவைக் கருவிக்குக் கொண்டுசெல்லும் சுழல்தண்டின் வேகத்தை அதே சங்கம் நியமப்படுத்தியிருந்தது. நிமிடத்துக்கு 540 சுற்று என்று இன்று உலகெங்கும் வழங்கும் வேகத்தின் தோற்றம் அதுவே.

மூன்றாவதாகப் பொதுவாக்கப்பட்டது எண்ணெய்க் குழாயின் பொருத்தி. இரண்டாம் உலகப் போருக்குப் பின், இயந்திரத்தின் முதுகிலுள்ள தூக்கிக்கு அப்பால், கருவியின் மீதே உருளைகளைப் பொருத்தி இயக்கும் வழக்கம் பரவிற்று. சாய்த்துக் கொட்டும் பெட்டி, புரட்டுக் கலப்பை, முன் அள்ளி முதலியவை எல்லாம் இயந்திரத்தின் எண்ணெயைக் குழாய் வழியே பெற்று இயங்குவன. ஆரம்பத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பொருத்தியை வைத்திருந்தது. காலப்போக்கில் அரை அங்குல அளவிலான, தள்ளினால் பூட்டிக்கொள்ளும் பொருத்தி சர்வதேச நியமமாயிற்று. எந்த நாட்டு இயந்திரத்தையும் எந்த நாட்டுக் கருவியோடும் ஒரு நிமிடத்தில் இணைத்துவிடலாம் என்ற நிலை தோன்றிற்று.

இவ்வாறு ஆணி பொதுவாயிற்று, சுழல்தண்டின் வேகம் பொதுவாயிற்று, பொருத்தியும் பொதுவாயிற்று. ஆனால் அந்தப் பொருத்தியின் ஊடாக ஓடும் எண்ணெய் மாத்திரம் பொதுவாகவில்லை. பொருத்தி பொதுவானதன் விளைவாகவே எண்ணெய்க் கலப்பு என்னும் பிரச்சினை பிறந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பொருத்திகள் வேறுபட்டிருந்த நாளில் எண்ணெய்கள் கலப்பதற்கு வழியே இல்லை.

எண்ணெய் ஏன் வேறுபட்டது?

எல்லாவற்றுக்கும் இலாப வேட்கையே காரணம் என்று கூறிவிட்டு ஓய்வது விஞ்ஞான நோக்காகாது. எண்ணெய்கள் வேறுபட்டமைக்கு உண்மையான தொழில்நுட்பக் காரணங்களும் உண்டு.

போர்ட் 9என் இயந்திரத்திலும், 1946ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் கொவன்ரி நகரில் செய்யப்பட்ட பேர்குசன் டிஈ20 இயந்திரத்திலும், கியர்ப்பெட்டிக்கும் பின்னச்சுக்கும் தூக்கிக்கும் ஒரே எண்ணெயே பயன்பட்டது. பம்பி அந்த எண்ணெயிலேயே மூழ்கிக் கிடந்தது. இது சிக்கனமான அமைப்பு. ஆனால் ஒரே எண்ணெய் பற்சக்கரத்தையும் காக்க வேண்டும், பம்பியையும் இயக்க வேண்டும் என்ற நிபந்தனை அதனோடு பிறந்தது. பின்னர் தடுப்புத் தட்டுகளையும் அதே எண்ணெயில் அமிழ்த்தும் முறை வந்தபொழுது மூன்றாவது நிபந்தனை சேர்ந்தது. பற்சக்கரம் வழுக்க வேண்டும். தடுப்புத் தட்டு அளவாகப் பற்ற வேண்டும். எண்ணெயில் உராய்வைச் சீர்செய்யும் சேர்மானம் போதாவிடின் தடுப்பு அலறும், அதிரும்; மிகுந்தால் வழுக்கும். ஒவ்வொரு நிறுவனமும் தன் தட்டின் மூலப்பொருளுக்கு ஏற்பச் சேர்மானத்தை வகுத்தது. ஜோன் டீயரின் ஜே20சி, போர்ட்டின் எம்2சி134-டி, மெசி பேர்குசனின் எம்1145 என்றவாறு விவசாயியை மருட்டும் குறியீடுகள் இவ்வாறு தோன்றின.

இந்த வரலாற்றில் ஒரு துயர அத்தியாயமும் உண்டு. ஜோன் டீயர் நிறுவனம் 1960ஆம் ஆண்டு புதிய தலைமுறை இயந்திரங்களை வெளியிட்டது. அக்காலத்தில் அந்நிறுவனத்தின் இயந்திரங்களுக்கு 303 என்ற இலக்கமுடைய எண்ணெய் விதிக்கப்பட்டிருந்தது. அதன் உராய்வுச் சேர்மானம் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் தலையிலிருந்தும் உடலிலிருந்தும் எடுக்கப்பட்ட எண்ணெய். உயர்ந்த வெப்பத்திலும் கெடாது உலோகத்தில் மென்படலமாய்ப் படிவது அதன் இயல்பு. 1960களில் ஆண்டுதோறும் 20,000க்கு மேற்பட்ட ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் உலகக் கடல்களிற் கொல்லப்பட்டன. கோதுமை வயலில் ஓடிய இயந்திரத்தின் தடுப்பு அலறாமல் இருப்பதற்கும் ஆழ்கடலில் நடந்த கொலைக்கும் தொடர்பிருந்தது என்பதை அந்த வயலில் உழுதவன் அறிந்திருக்க நியாயமில்லை. அமெரிக்க அரசு 1970ஆம் ஆண்டு அவ்வுயிரினத்தை அழிவை எதிர்நோக்கும் இனமாக அறிவித்தது. இறக்குமதி நின்றது. 1970களில் புதிய சேர்மானங்களும் புதிய விதிகளும் உருவாயின. 303 என்னும் விதி வழக்கொழிந்தது. மூலப்பொருளே இல்லாதபொழுது விதி எவ்வாறு நிலைக்கும்?

கலந்தால் நேர்வது என்ன?

இனி, கலப்பினால் விளைவதை நிதானமாக நோக்குவோம். முதலில் அளவு. 80 மில்லிமீற்றர் உள்விட்டமும் 500 மில்லிமீற்றர் ஓட்டமும் கொண்ட உருளை ஒன்று முழுதும் நீண்ட நிலையில் ஏறத்தாழ 2.5 லீற்றர் எண்ணெயைக் கொள்ளும். அத்தகைய நான்கு உருளைகள் ஒரு கருவியில் இருந்தால் 10 லீற்றர். 50 லீற்றர் எண்ணெய் கொண்ட இயந்திரத்தோடு அது சேர்ந்தால், கலவையில் ஆறில் ஒரு பங்கு அயலவனின் எண்ணெய். பெட்டியைச் சாய்க்கும் ஒருவழி உருளை, இறக்கிய நிலையில் கழற்றப்பட்டால், குழாயிலுள்ள சிறிதளவையே எடுத்துச் செல்லும். இருவழி உருளையோ எந்நிலையிலும் ஒரு பக்கம் எண்ணெயை நிரப்பி வைத்திருக்கும். ஆகவே கருவிக்குக் கருவி ஆபத்தின் அளவு வேறுபடும்.

இரண்டாவது, எண்ணெயின் இயல்பு. பல நிறுவனங்களின் தற்கால எண்ணெய்கள் கனிம எண்ணெயையே அடிப்படையாகக் கொண்டவை. அவை சிறிதளவு கலந்தால் உடனே தயிர்போல் திரண்டுவிடும் என்ற பயம் பெரும்பாலும் மிகைப்பட்டது. ஆனால் சேர்மானங்களின் சமநிலை குலையும். கலப்பு மிகுந்தால் தடுப்பு அலறத் தொடங்கும். பிசுக்குமை மாறினால் குளிரில் பம்பி முனகும், வெப்பத்தில் தூக்கி தளரும். நீரை வேறுபடுத்தித் தள்ளும் எண்ணெயும் நீரைத் தன்னுள் சிதறடித்து ஏந்தும் எண்ணெயும் கலந்தால், இரண்டும் தத்தம் காரியத்தைச் செவ்வனே செய்யமாட்டா. பாரக் கியர்களுக்கான சில எண்ணெய்களிலுள்ள கந்தகச் சேர்மானம், வெப்பமிகுந்த நிலையில் வெண்கலப் பாகங்களை அரிக்கவல்லது.

முற்றாகக் கலக்கக்கூடாதவையும் உண்டு. மோட்டார் வாகனத் தடுப்புகளுக்கு ஊற்றும் கிளைக்கோல் வகைத் திரவம் கனிம எண்ணெயோடு சேரவே கூடாது. ஒன்றுக்கென அமைந்த இறப்பர்த் தடுப்பு வளையம் மற்றொன்றில் ஊதி உருக்கெட்டுப் போகும். மண்ணில் மக்கும் தாவர எண்ணெய்களும் எஸ்டர் எண்ணெய்களும் ஐரோப்பாவின் காடுகளிலும் நீர்ப்பாதுகாப்புப் பகுதிகளிலும் பயன்படுகின்றன. அவற்றில் 2 விழுக்காட்டுக்கு மேல் கனிம எண்ணெய் எஞ்சியிருந்தால் அவை தம் குணத்தை இழக்கும் என்பது அத்துறையின் பொதுவிதி. அங்கே இரவற் கருவியின் ஒரு குழாய்க்குள் இருப்பதுகூடக் கணக்கில் வரும்.

மூன்றாவதும் மிகப் பெரிதுமானது அழுக்கு. பம்பியின் பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி சில மைக்றோமீற்றர் மாத்திரமே; மனிதனின் தலைமயிர் அதைவிடப் பன்மடங்கு பருமனுடையது. மண்ணிற் புரண்ட பொருத்தியைத் துடையாமற் பூட்டினால், ஒரே நிறுவனத்தின் எண்ணெயாயினும் பம்பி தேயும். எண்ணெயின் பெயரைப் பற்றி வாதாடும் இருவர், பொருத்தியைத் துடைக்க ஒரு பழந்துணியை வைத்திராவிட்டால் அவர்கள் வாதத்தாற் பயனில்லை. இவற்றோடு எண்ணெயின் அளவுக் கணக்கும் உண்டு. உருளையை நீட்டிய நிலையில் ஒருவர் கருவியைக் கழற்றிவிட, மற்றவர் அதை மடக்கினால், முன்னவரின் இயந்திரம் எண்ணெய் குறைந்து வாடும். பின்னவரின் இயந்திரம் நிரம்பி வழியும். அயலவரிடையே மனத்தாங்கல் தோன்ற இது போதும்.

கூட்டுறவும் பொதுக்கருவியும்

கருவிகளைக் கூட்டாக வைத்திருக்கும் முயற்சி உலகின் பல பாகங்களில் நடந்திருக்கிறது. பிரான்சில் 1945ஆம் ஆண்டின் சட்ட ஏற்பாட்டின் கீழ் விவசாய இயந்திரக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. இன்றும் அவை செயற்படுகின்றன. ஜேர்மனியின் பவேரியாவில் 1958ஆம் ஆண்டு எரிக் கைர்ஸ்பெர்கர் முதலாவது இயந்திர வளையத்தை அமைத்தார். இதில் கருவி தனியாரின் உடைமையாகவே இருக்கும். ஆனால் உறுப்பினர் அனைவரும் நியாயமான கட்டணத்துக்கு அதன் பயனைப் பெறுவர். இம்முறையில் பல நிறுவனங்களின் இயந்திரங்கள் ஒரே கருவியை இழுப்பது தவிர்க்க முடியாதது. எண்ணெய்க் கலப்புப் பிரச்சினை அங்கே நாள்தோறும் எழுவது.

சோவியத் யூனியன் வேறொரு வழியை மேற்கொண்டது. 1928ஆம் ஆண்டு ஒடெசாப் பிரதேசத்தில் தொடங்கிய இயந்திர உழவு நிலையங்கள், இயந்திரங்களை அரசின் கையில் வைத்திருந்து கூட்டுப் பண்ணைகளுக்கு உழுது கொடுத்தன. அவை 1958ஆம் ஆண்டு கலைக்கப்பட்டு இயந்திரங்கள் பண்ணைகளுக்கே விற்கப்பட்டன. அங்கே ஒரே வரிசையைச் சேர்ந்த பற்சக்கரப் பம்பிகள் பல தொழிற்சாலைகளின் இயந்திரங்களிலும் பொருத்தப்பட்டன. பெலாருஸ் இயந்திரங்களில் ஹைட்ரோலிக் தொட்டி கியர்ப்பெட்டியிலிருந்து பிரிக்கப்பட்டு, அதற்கு எஞ்சின் எண்ணெயே ஊற்றப்பட்டது. உற்பத்தி ஒரு திட்டத்தின் கீழ் வந்தமையால் விளைந்த நன்மை இது. எனினும், நிலத்துக்கு ஒரு நிர்வாகமும் இயந்திரத்துக்கு ஒரு நிர்வாகமும் என்ற இரட்டை ஆட்சி வயலிற் பல சிக்கல்களை விளைத்தது என்பதையும் மறைக்கலாகாது. உடைமை மாறியவுடன் எல்லாப் பிரச்சினைகளும் தாமே தீர்ந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. பிரச்சினையைத் தீர்க்கும் வாய்ப்பு அப்பொழுது கிடைக்கிறது. அதைப் பயன்படுத்துவது மனிதரின் அறிவையும் ஒழுங்கையும் பொறுத்தது.

எமது நாட்டுக்கும் இவ்வரலாற்றில் தொடர்புண்டு. பேர்குசனின் நிறுவனம் 1953ஆம் ஆண்டு கனடாவின் மெசி ஹரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. அதிற் பிறந்த மெசி பேர்குசன் என்னும் பெயர் எமது நெல்வயல்களில் அறியப்படாததன்று. உழவு இயந்திரமும் பெட்டியும் கலப்பையும் வாடகைக்கும் இரவலுக்கும் கைமாறும் இந்நாட்டில், இவ்வினாவைப் பிறநாட்டாரின் வினா என்று ஒதுக்கிவிட முடியாது.

பொது எண்ணெயும் போலி எண்ணெயும்

விவசாயிகளின் தேவையே பொது எண்ணெய்களை உருவாக்கும்படி நிர்ப்பந்தித்தது. கியர்ப்பெட்டி, ஹைட்ரோலிக், எண்ணெயில் அமிழ்ந்த தடுப்பு ஆகிய மூன்றுக்கும் பொருந்தி, பல நிறுவனங்களின் விதிகளை ஒருங்கே நிறைவேற்றும் எண்ணெய் ஒன்று. அதற்கும் மேலே சென்று எஞ்சினுக்கும் பொருந்தும் எண்ணெய் இன்னொன்று. பல நிறுவனங்களின் இயந்திரங்களை வைத்திருக்கும் பண்ணையும் சங்கமும் ஒரே பீப்பாயை வைத்துக்கொள்ள இவை உதவின. விதிகள் வெளியிடப்பட்டு, சோதனைக்கு உட்படுத்தப்படும்பொழுது பொதுமை சாத்தியம் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் பொதுமையின் பெயரால் ஏமாற்றும் நடந்தது. வழக்கொழிந்த 303 என்ற இலக்கம் அமெரிக்கச் சந்தையிலிருந்து மறையவில்லை. அந்த இலக்கத்துக்கு உயிருள்ள விதி எதுவும் இல்லாமையால், அதை எந்த எண்ணெயின் மீதும் ஒட்டக்கூடியதாக இருந்தது. மலிவான வாளிகளில், எல்லா இயந்திரங்களுக்கும் ஏற்றது என்ற விளம்பரத்தோடு அது பல ஆண்டுகள் விற்பனையாயிற்று. மிசூரி மாநில விவசாயத் திணைக்களம் இத்தகைய எண்ணெய்களைச் சோதித்து, அவை இயந்திரங்களுக்குத் தீங்கு செய்யக்கூடியவை என்று கண்டு, 2017ஆம் ஆண்டை அண்டி அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்தது. விவசாயிகள் நீதிமன்றங்களுக்குச் சென்றனர். பழைய இயந்திரத்தை வைத்துக்கொண்டு, நிறுவனத்தின் விலையுயர்ந்த எண்ணெயை வாங்க வழியற்றவனே இந்த வாளியை வாங்கினான் என்பது சொல்லாமலே விளங்கும்.

இங்கே இருபுற நெருக்கடி ஒன்றை நாம் காண்கிறோம். ஒருபுறம், தன் பெயர் பொறித்த எண்ணெயைத் தவிர வேறெதையும் தொடாதே என்று அச்சுறுத்தும் பெருநிறுவனம். மறுபுறம், எதையும் எதிலும் ஊற்றலாம் என்று கூறும் போலி வியாபாரி. இருவரும் ஒன்றுக்கொன்று எதிரானவர்போலத் தோன்றினும், இருவருடைய வியாபாரமும் விவசாயியின் அறியாமையிலேயே தங்கியிருக்கிறது. அந்த அறியாமையை நீக்குவதற்குத் தனி விவசாயியிடம் ஆய்வுகூடம் இல்லை. சங்கமும் அரசும் நியமமுமே அவனுடைய ஆய்வுகூடம்.

முடிவாக

தொடக்கத்தில் நாம் கண்ட இரு விவசாயிகளிடம் மீண்டும் செல்வோம். அவர்கள் கலப்பையைத் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. தம் இரு இயந்திரங்களின் விதிகளையும் ஒருங்கே நிறைவேற்றும் பொது எண்ணெய் ஒன்றைத் தெரிந்து, இரண்டிலும் அதையே ஊற்றலாம். அவ்வாறான எண்ணெய் கிடைக்காவிடின், கழற்றுமுன் உருளைகளை மடக்கி, அடுத்தவருக்குச் செல்லும் எண்ணெயை இயன்ற அளவு குறைக்கலாம். கருவி எந்த நிலையில் கழற்றப்படும் என்பதை இருவரும் முன்கூட்டியே உடன்படுவது நல்லது. எவ்வெண்ணெய், எந்நாளில் மாற்றப்பட்டது என்பதை ஒரு கொப்பியிற் பதிந்து வைக்கலாம். பொருத்திகளை மூடி வைத்து, ஒவ்வொரு முறையும் துடைத்துப் பூட்ட வேண்டும். கிளைக்கோல் திரவத்தையும் மக்கும் எண்ணெயையும் பயன்படுத்தும் இயந்திரங்களை இந்தக் கூட்டிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். இவை யாவும் எளிய காரியங்கள். ஆனால் இவற்றுக்கு ஒப்பந்தமும் ஒழுங்கும் நம்பிக்கையும் வேண்டும். கருவியைப் பொதுவாக்குவோர் அதன் பராமரிப்பையும் அதைப் பற்றிய அறிவையும் பொதுவாக்கியே ஆகவேண்டும்.

மூன்று புள்ளி இணைப்பு பொதுவுடைமையாவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அதன் பொருட்டு நீதிமன்றத்திற் கோடிக்கணக்கான பணம் செலவாயிற்று. இறுதியில் எந்தத் தொழிற்சாலையும் மூடப்படவில்லை. எந்தக் கண்டுபிடிப்பாளரும் பட்டினி கிடக்கவில்லை. உலகின் உழவரெல்லாம் பயனடைந்தனர். ஆணிக்குச் சாத்தியமானது எண்ணெய்க்குச் சாத்தியமாகாது என்று கூறுவதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரமில்லை. விதிகளைப் பகிரங்கமாக்குக, சோதனையைப் பொதுநிறுவனங்களின் கையில் ஒப்படைக்குக என்பதே விவசாயிகளின் கோரிக்கையாக இருத்தல் வேண்டும். கிராமப் பாடசாலையிற் கற்பிக்கும் ஆசிரியர்களும் அங்கே பயிலும் மாணவர்களும், வயலோரத்தில் நிற்கும் இயந்திரத்தைப் பாஸ்கலின் விதிக்கு உதாரணமாக எடுத்துக்கொள்வது நன்று. அதே இயந்திரம் உடைமையின் வரலாற்றுக்கும் உதாரணம் என்பதை மாணவன் அவ்வேளையிலேயே விளங்கிக்கொள்வானாயின், அவன் கற்ற விஞ்ஞானம் அவனுடைய கிராமத்துக்குப் பயன்படும்.